வியர்க்காத உடம்பு

தெருவில் அவருக்கு மைக் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. அது மருந்துச் சீட்டிலும் மின்சார ரசீதிலும் மட்டும் கிடந்தது. ஒலிபெருக்கி கட்டிய வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் கத்திவிட்டு வருவதுதான் அவர் பிழைப்பு. புதுச் செருப்புக்கடை, காணாமல் போன நாய், குழாயில் தண்ணீர் வராத நாள், எதுவாக இருந்தாலும் அவர் வாயால் சொன்னால்தான் ஜனங்களுக்குக் காதில் ஏறும். இந்த ஆள் தொண்டைக்குத் தகரம் அடித்திருக்கிறது என்று கேலி பேசுவார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கத்துவார். அடக்கம் என்கிற சமாச்சாரம் அவர் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் அந்த வண்டி வளைவில் கவிழ்ந்தது. ஓட்டியவனுக்கு ஒரு கீறலும் இல்லை. இவருக்குக் கழுத்துக்குள்ளே தண்டுவடம் நசுங்கிப் போயிற்று. தோளும் கையும் பிழைத்தன, விரல்கள் அரைகுறையாகப் பிழைத்தன, மார்புக்குக் கீழே எதுவும் பிழைக்கவில்லை. சக்கர நாற்காலி வந்தது, சிறுநீர்ப் பை வந்தது. அதையெல்லாம்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டார். மூச்சு குறைந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நெஞ்சிலிருந்து காற்றைத் தள்ளுகிற தசைகளுக்கு வலு போய்விட்டது. தெருக்கோடி வரை போன குரல் இப்போது கட்டில் விளிம்பைத் தாண்டவில்லை.

அவர் மனைவியைத் தெரு தையலக்கா என்று கூப்பிடும். கூடத்தில் ஒரு தையல் மெஷின், அதன் மேல் எப்போதும் யாருடைய உடுப்பாவது பாதி பிரிந்து கிடக்கும். கஷ்டம் வந்தால் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை அவள். எழுந்து நின்று எரிந்து விழுகிற ரகம்.

"பக்கத்துல வந்து கேட்டா உங்க குரல் அப்படியேதான் இருக்கு," என்று ஒரு நாள் சொன்னாள்.

"பக்கத்துல வந்து கேக்க ஊருல யாரு இருக்கா? உனக்கு வேற வேலை இல்ல, கேக்குற," என்றார் அவர்.

அவள் சொன்னது வீணாகவில்லை. ஒலிபெருக்கி வண்டிகளை வாடகைக்கு விடுகிற மனிதர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அவர் வண்டிக்காரர். அதை அவர் காதிலும் போட்டு வைத்தாள். நல்ல மைக் ஒன்றும் காது முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்றும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். "கத்த வேணாம்ணே. காதுல ரகசியம் சொல்ற மாதிரி சொல்லுங்க. மத்ததை மெஷின் பாத்துக்கும். அதை நாங்க ஊரெல்லாம் போட்டுக்கறோம்," என்றார். அப்படித்தான் கத்திப் பிழைத்தவர் மெல்லப் பேசிப் பிழைக்கத் தொடங்கினார்.

மெல்லிய குரலைப் பிடிக்க வேண்டுமென்றால் மைக்கின் காதை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். அப்படித் திறந்தால் அது குரலை மட்டுமா பிடிக்கும்? பக்கத்து வீட்டுக் குக்கர், மரத்துக் காக்காய், மின்விசிறி, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட சாமான் அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்தார்கள். தையலக்கா பழைய மெத்தைகளையும் போர்வைகளையும் வெட்டுத் துணிகளையும் அடுக்கி, தடித் தடியாகத் தைத்து, நாலு சுவரிலும் கூரையின் உள்பக்கத்திலும் ஆணி அடித்து மாட்டினாள். ஜன்னலையும் அதே மெத்தையால் அடைத்தாள். கதவு இடுக்கில் ஸ்பாஞ்சு ஒட்டினாள். அந்த அறையைக் கட்டியது கொத்தனார் என்றாலும் அதைத் தைத்தது அவள். வந்தவர்களிடமெல்லாம் கதவைச் சாத்திக் காட்டுவாள், "பாருங்க, ஒரு சத்தம் கேக்குதா?" என்று. பெருமைதான், இருக்காதா பின்னே.

உள்ளே பேசும்போது மின்விசிறி ஓடாது. வெளியே கதவுக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டப்படும். அந்தத் துணி தொங்கினால் தையல் மெஷின் நிற்கும், அடுப்பில் குக்கர் ஏறாது, தெருவில் காய் விற்கிறவர்கூட அந்த வாசலைத் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டு போவார். யாரும் கதவைத் திறக்கக் கூடாது, தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. அவள் கூடத்தில் உட்கார்ந்து கையால் செய்கிற வேலையை எடுத்துக்கொள்வாள், பொத்தான், கொக்கி, ஓரம் மடித்தல். வீட்டுச் சத்தம் உள்ளே போகாமல் மெத்தை தடுத்தது. அவர் குரல் வெளியே வருவதை அந்தக் கதவு அவ்வளவாகத் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் மெல்லக் கேட்கும்.

அவர் ஒரே வரியைப் பல தடவை சொல்லுகிற ஆள். வண்டிக்காரருக்கு முதல் தடவையே போதும் என்றிருக்கும், இவருக்குப் போதாது. ஒரு தடவை செருப்புக்கடை விளம்பரத்தில் 'பாதங்களுக்கு' என்ற வார்த்தையிலேயே ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றார். பிடிக்காமல் போனால் ஒவ்வொரு தடவையும் "சை!" என்பார். சொல்வார், சை என்பார், திரும்பச் சொல்வார். அவள் அந்த 'சை'களைக் கேட்டுக்கொண்டே பொத்தான் தைப்பாள்.

ஒரே ஒரு தடவை அவள் துணி தொங்கும்போது கதவைத் திறந்தாள். உள்ளே நீண்ட நேரம் சத்தமே இல்லை. பொறுக்க மாட்டாமல் திறந்துவிட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன?"

"சத்தமே இல்லையேன்னு..."

"குழந்தையா நான்?" என்றார். மெல்லிய குரலிலும் கத்த முடியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. "குளிக்க உன் கை, துடைக்க உன் கை, பொரண்டு படுக்க உன் கை. எனக்கும் சேத்து நீதான் வாழ்ந்துக்கிட்டு இருக்க. இந்த ஓட்டைத் தகர ரூமு ஒண்ணுதான் நான் தனியா இருக்கிற இடம். இங்கயும் வந்து எட்டிப் பாக்கணுமா?"

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். அவர் சொன்னது நியாயம் என்று பட்டது. ஒரு மனிதனுக்கு ஒரு கதவாவது வேண்டாமா? அதற்குப் பிறகு சிவப்புத் துணி தொங்கினால் அவள் அந்தப் பக்கமே போவதில்லை. தான் அவருக்குச் செய்கிற எத்தனையோ காரியங்களில் இதுதான் பெரியது என்று நினைத்துக்கொண்டாள்.

கையையும் காலையும் மடக்கி நீட்ட வாரத்துக்கு ஒரு தடவை வருகிற ஃபிசியோப் பெண் மட்டும் அந்த அறையைப் பார்த்த நாளிலிருந்தே முகம் சுளித்தாள்.

"அக்கா, கழுத்துல அடிபட்டவங்களுக்கு வேர்க்காது. உடம்பு சூடானா வேர்வையா வெளிய வரணும்ல, இவருக்கு அந்த வழி அடைஞ்சு போச்சு. வெளிய எவ்வளவு சூடோ உள்ளயும் அவ்வளவு ஏறிக்கிட்டே போகும். நமக்கெல்லாம் எரியுது, புழுங்குதுன்னு தெரியும். இவருக்கு முக்கால்வாசி உடம்புல தெரியாது. தெரியிறப்ப தலை சுத்தும், அப்புறம் பேச்சு மாறும். அதுக்கப்புறம் அவரால ஒண்ணும் பண்ண முடியாது, நீங்கதான் பண்ணணும்."

ஈரத் துண்டு, தண்ணீர் தெளிக்கிற புட்டி, உடம்புச் சூடு பார்க்கிற கருவி எல்லாம் அவள் சொல்லித்தான் வந்தன. வந்து பார்க்கிறவர்களுக்கு இது புரியாது. நெற்றியிலிருந்து வழிகிறதைத் துடைத்துக்கொண்டே, "எங்களுக்கு ஊத்துது. உங்களைப் பாருங்க, ஒரு பொட்டு வேர்வை இல்ல. குடுத்து வைச்ச உடம்பு!" என்பார்கள். அவர் சிரிப்பார். அவளுக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் கோடை வந்த விதமே சரியில்லை. வெயில் என்றால் ஏறும், இறங்கும். இது ஏறியது, இறங்க மறந்துவிட்டது. காலையில் வாங்கிய பால் மதியத்துக்குள் திரிந்தது. குழாயைத் திறந்தால் கை சுட்டது. எதிர் வீட்டு இஸ்திரிக்காரர் பெட்டியை மூடி வைத்துவிட்டு, "இனிமே துணியை வெளிய விரிச்சு வைச்சாப் போதும், தானா மடிப்பு நிக்கும்," என்றார். அந்த நகைச்சுவைக்கு அவரே சிரிக்கவில்லை. நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டன. அடுத்த தெருவில் ஒரு கிடங்குக் காவலாளி தன் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே செத்துப் போயிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து மாலைவரை எல்லோரும் அவரைத் தாண்டிப் போய் வந்திருக்கிறார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று தையலக்கா அவரிடம், "இனிமே ரூமுக்குள்ள விடியக்காலை மட்டுந்தான். வெயில் ஏறினப்புறம் கிடையாது," என்றாள். அவரும் சரி என்றார். சில நாள் அப்படியே நடந்தது.

பிறகு ஒரு நண்பகலில் வண்டிக்காரர் போன் பண்ணினார். நகராட்சியின் வேலை. வெயில் எச்சரிக்கை. ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக, பகுதியின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும், சாயங்காலமே வண்டிகள் கிளம்ப வேண்டும். மைக்கின் குரல்தான் வேண்டும் என்று மேலே யாரோ சொல்லியிருக்கிறார்களாம். அவ்வளவுதான், அவருக்குத் தலை கால் புரியவில்லை.

"நாளைக்குக் காலையில பண்ணித் தாங்களேன்," என்றாள் அவள்.

"இன்னிக்கு ஜனங்க சாவாங்க, எச்சரிக்கை நாளைக்குப் போகணுமா?"

"உங்களை யாரு எச்சரிக்கிறது?"

"நீதான் இருக்கியே, இருபத்திநாலு மணி நேர சேவை," என்று சிரித்தார். "சின்ன வேலைதான். உக்காந்தோம், பேசினோம், வந்தோம். ஈரத் துண்டை கழுத்துல போடு. தண்ணி அரை டம்ளர் போதும், அதுக்கு மேல குடுத்தா பை நிறைஞ்சு பாதியில நிக்க வேண்டியிருக்கும்."

அவள் முழு டம்ளர் கொடுத்தாள். அவர் அரை டம்ளர்தான் குடித்தார். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். அறைக்குள் ஏற்கெனவே மூச்சு முட்டியது. ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டு, விசிறியை நிறுத்தி, வெளியே வந்து கதவைச் சாத்தி, சிவப்புத் துணியைத் தன் கையாலேயே கட்டினாள்.

கூடத்தில் பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்று பொத்தானுக்குக் காத்திருந்தது. தைக்க உட்கார்ந்தாள். உள்ளே குரல் தொடங்கியது. வெயில் நேரத்தில் வெளியே வராதீர்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். வெளிர் நிறத் தளர்ந்த உடைகளை அணியுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் அடிக்கடி போய்ப் பாருங்கள். ஒரு பகுதி முடிந்தது, அடுத்த பகுதியின் பெயர், அதே வரிகள். நடுவில் "சை!" என்று ஒன்று. அவள் புன்னகைத்துக்கொண்டாள். மனிதன் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்தாள்.

மேலே தகரம் டப் டப் என்று சூட்டில் விரிகிற சத்தம் கேட்டது. வாசல் வழியாக வந்த காற்று அடுப்படியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. அவளுக்கே கழுத்தெல்லாம் நனைந்து, ஊசி விரலில் வழுக்கியது. கொஞ்சம் பொறுத்து எழுந்து கதவு வரைக்கும் போனாள். கையைக் கைப்பிடியருகே கொண்டு போனாள். சிவப்புத் துணி விரலில் பட்டது. உள்ளே அவர் சொல்லிக்கொண்டிருந்தார், "அடிக்கடி போய்ப் பாருங்கள்." கொஞ்சம் நிறுத்தி, அதே வரியை மறுபடி. இன்னும் திருப்தி வரவில்லை போலிருக்கிறது என்று எண்ணினாள். இப்போது திறந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவருக்கு என்ன ஆகிவிடும்? அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஒரு பொத்தான் தைத்தாள். அடுத்ததை எடுத்தாள். உள்ளே அதே வரி. அதே வரி. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று கை நின்றது. எத்தனை தடவை சொல்லிவிட்டார், ஒரு 'சை'கூட இல்லை. ஒரு வரியைத் திட்டாமல் திரும்பச் சொல்லுகிற ஆளா அவர்? காதைத் தீட்டிக் கேட்டாள். மாற்றுத்திறனாளிகளையும் அடிக்கடி. மாற்றுத்திறனாளிகளையும் அடிக்கடி. அவர் பதிவு செய்துகொண்டிருக்கவில்லை. அவருக்கு அந்த வரியிலிருந்து வெளியே வரத் தெரியவில்லை.

சட்டை எங்கே விழுந்தது, ஊசி எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. கழுத்துத் துண்டு தரையில் கிடந்தது, தண்ணீர் சொட்டுகிற சத்தம் மைக்கில் விழுகிறது என்று அவரே எடுத்துப் போட்டிருக்க வேண்டும், காய்ந்து விறைத்திருந்தது. படிக்கிற காகிதமும் தரையில்தான் கிடந்தது. அவர் முகம் செக்கச் சிவந்து, ஒரு துளி ஈரமில்லாமல், பளபளவென்று இருந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"என்னங்க!"

அவளைப் பார்த்தார். யாரோ வழிப்போக்கரைப் பார்க்கிற பார்வை. "வண்டியை எடுப்பா," என்றார். "நேரமாச்சு."

நெற்றியில் கையை வைத்தவள் இழுத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்தாள், சக்கரம் தொங்கிக்கொண்டிருந்த மெத்தையில் சிக்கியது. அவள் தைத்த மெத்தை, நல்ல கெட்டித் தையல், பிய்யுமா? எட்டி உதைத்தாள். வாசலைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் இஸ்திரிக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். இருவருமாகக் கூடத்துக்கு இழுத்து வந்தார்கள்.

"வேர்க்கவே இல்லையேக்கா, ஒண்ணும் இருக்காது, அசதியா இருக்கும்," என்றார் இஸ்திரிக்காரர்.

"வேர்க்கலைங்கிறதுதான்யா கேடு! நிக்காதீங்க, தண்ணி கொண்டாங்க, குடத்தோட கொண்டாங்க!"

அவர் சட்டையைக் கத்திரியால் வெட்டினாள். படுக்கை விரிப்பை நனைத்து உடம்போடு சுற்றினாள். வீட்டிலிருந்த விசிறிகளையெல்லாம் அவர் மேல் திருப்பினாள். விரிப்பு காயக் காயத் தண்ணீர் ஊற்றினாள். எதிர் வீட்டிலிருந்து ஐஸ் வந்தது, துணியில் சுற்றி அக்குளிலும் கழுத்தின் இரண்டு பக்கமும் வைத்தாள். இஸ்திரிக்காரர் டம்ளரை அவர் வாய்க்குக் கொண்டு போனபோது தட்டிவிட்டாள். "வாயில ஊத்தாதீங்க, நெனவு இல்லாதப்ப புரை ஏறிடும்!" ஃபிசியோப் பெண் சொன்னதெல்லாம் அவள் வாயில் அந்தப் பெண்ணின் குரலிலேயே வந்துகொண்டிருந்தது. இவ்வளவு தெரிந்து வைத்திருந்தவள்தான் கதவருகே போய்த் திரும்பி வந்தாள். அந்த நினைப்பை நினைக்க அப்போது நேரமில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அவரைக் குளிர்ந்த திரவங்களுக்கும் குழாய்களுக்கும் நடுவே கிடத்தினார்கள். நினைவு உடனே வரவில்லை. சிறுநீரகம் தாங்குமா, மூளை தாங்குமா என்பது பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கண் விழித்து அவளைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்போதுதான் டாக்டர் வந்து கேட்டார்.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தாரு? யாரும் போய்ப் பாக்கலையா?"

"நான் சமையல்கட்டுல இருந்தேன்," என்றாள் அவள். "ஒண்ணும் கேக்கல."

பொய் அவ்வளவு லேசாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. படுக்கையில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிழைத்து வீட்டுக்கு வந்தார். குரலும் சில நாளில் திரும்பியது. கோடைதான் போகவில்லை. தையலக்கா தான் தைத்ததையெல்லாம் கூரையிலிருந்து தானே பிய்த்தாள். ஜன்னலை அடைத்த மெத்தையும் போயிற்று. தகரத்தின் மேல் வெள்ளை அடிக்கச் செய்து, மேலே ஈரச் சாக்கு போட்டாள். விடியற்காலையில் மட்டும் பதிவு, ஒவ்வொரு வரிக்கும் இடையில் விசிறி, பை நிறைந்தால் நிறையட்டும், தண்ணீர் முழு டம்ளர். கூடவே ஒரு புது ஏற்பாடு. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அவள் கதவில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவர் நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தட்டு பதிவில் விழுந்தால் விழட்டும், வெட்டிக்கொள்ளலாம்.

"ஜெயில்ல தலை எண்ற மாதிரி," என்றார்.

"ஆமா, ஜெயில்தான். ஆயுள் தண்டனை," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. தட்டுக்குத் தட்டு பதில் வந்தது, பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. சாப்பிடும்போது, அவள் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிடுவார். அவளுக்கும் அவர் முகத்தை நேராகப் பார்க்க வரவில்லை. டாக்டரிடம் சொன்ன பொய் வீட்டுக்குள் இன்னொரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? கதவுக்கு வெளியே நின்றேன், கேட்டேன், போய்விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ராத்திரி முழுக்க அவர் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

வெயில் இன்னும் கூடப் போகிறது என்று ரேடியோ சொன்ன நாளின் விடியலில் அவர் உள்ளே இருந்தார். அவள் போய்க் கதவைத் தட்டினாள். பதில் இல்லை.

இரண்டாவது தட்டுக்கு அவள் நிற்கவில்லை. கதவு சுவரில் மோதித் திரும்பியது. உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காற்று வந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் தட்டல? கை வலிச்சுதா? உயிரோட வெளையாடறீங்களா? மனுஷன் பண்ற வேலையா இது?" குரல் உடைந்தது. "ஏன் தட்டல?"

"வெளியவே நிப்பியா, உள்ள வருவியான்னு பாத்தேன்."

"நான் எங்க நின்னேன்? எப்ப நின்னேன்?" என்றாள், அவசரமாக.

அவர் தலையிலிருந்த ஹெட்போனை மணிக்கட்டால் தள்ளிக் கழுத்துக்கு இறக்கினார். "இதுல எல்லாம் கேக்கும். மெத்தை எவ்வளவு போட்டாலும் கதவு வழியா வர்றது கேக்கும். அன்னிக்கு உன் கால் சத்தம் வந்துச்சு. கதவுகிட்ட நின்னுச்சு. அப்புறம் திரும்பிப் போச்சு."

தையலக்கா கதவு நிலையை விட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ஆமா," என்றாள். "நின்னேன். போயிட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு போயிட்டேன்."  புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுகையை அடக்கிக்கொண்டாள்.

 அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு நெனவு இருந்துச்சு," என்றார். "தலை கிறுகிறுன்னுதான் இருந்துச்சு. ஆனா தெரிஞ்சுது. இது சரியில்ல, ஏதோ ஆகுதுன்னு தெரிஞ்சுது. நீ வெளிய நிக்கிறதும் தெரிஞ்சுது. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்ப."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கூப்பிடல. அந்தத் தடவை வரி நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு தடவைன்னு நெனச்சேன். நீ போற சத்தம் கேட்டப்ப, சந்தோஷமா இருந்துச்சு. விட்டுட்டா, நம்பிட்டான்னு. அப்புறம்தான் ஒண்ணும் தெரியல."

வெளியே காய் விற்கிறவர் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். தையலக்கா எழுந்தாள். அவர் பக்கத்தில் போனாள். கேட்காமல் கொள்ளாமல் புறங்கையை அவர் பிடரியில் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"இனிமே கூப்பிடுவீங்களா?" என்றாள்.

 கை நன்றாகப் படட்டும் என்று அவர் தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.